நல்ல இடம்!

வீடு தேடுவோர் தரகரிடம் முதலில் கேட்பது வாடகையை அன்று. "இடம் நல்ல இடமா?" என்பதைத்தான் கேட்கின்றனர். கேட்பவருக்கும் பொருள் தெரியும்; கேட்கப்படுபவருக்கும் பொருள் தெரியும். விளக்கம் கேட்போரும் இல்லை, விளக்கம் தருவோரும் இல்லை. விளக்கமின்றியே விளங்கிவிடும் சொற்களிடம் விழிப்பாக இருக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாமே, அண்மையில் அந்தச் சொல்லிடம் ஏமாந்தோம். ஏமாந்த கதையை எழுதுவதிலே வெட்கம் இருக்கிறது. எழுதாமல் மறைத்தால் வெட்கம் இன்னும் பெரிதாகும், ஆகவே எழுதுகிறோம்.

நமது பள்ளி சென்னையில் பாரிமுனைக்கு அண்மையில், கடைகளும் கிடங்குகளும் மீன்பாடி வண்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் தெருவொன்றில் இருக்கிறது. நாம் குடியிருந்ததோ கூடுவாஞ்சேரியில்! காலையிலும் மாலையிலும் மின்தொடர் வண்டியின் கம்பியைப் பற்றிக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று செய்யும் தவம். வரம் தர எந்தத் தெய்வமும் வந்ததில்லை. பயணச்சீட்டுப் பரிசோதகர்தான் வந்தார். நாம் ஒருவர் மட்டுமானால் அந்தத் தவம் இன்னும் சில ஆண்டு நீடித்திருக்கும். தங்கைக்கும் அதே பக்கத்தில் மருத்துவமனை ஒன்றில் செவிலிப் பணி கிடைத்தது. மாலைமுறை முடிந்து அவள் வெளியே வருவது இரவு ஒன்பதரை மணிக்கு. அதற்குமேல் வண்டியேறி வீடு வந்து சேர்வதற்குள் பதினொன்று அடித்துவிடும். எனவே வீடு தேடினோம். பணியிடத்துக்கு அருகில் இருக்கவேண்டும். ஆசிரியர் ஊதியத்துக்குள் அடங்கவேண்டும். இரவில் தங்கை அஞ்சாமல் நடந்துவரும் இடமாக இருக்கவேண்டும். முதலிரண்டும் கணக்கு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். மூன்றாவதுதான் நம்மைச் சோதித்தது.

வண்ணாரப்பேட்டைக்கும் காசிமேட்டுக்கும் இடையே ஒரு வீடு இருப்பதாகத் தெரிந்தது. இரண்டு அறை, மாடியில் கொஞ்சம் வெட்டவெளி, பள்ளிக்கு நடந்தே போகலாம். தரகர் தலையை ஆட்டினார். "வாடகை கம்மிதான் சார். ஆனா அந்தப் பக்கம் வேணாம். உங்கள மாதிரி டீசன்ட்டான ஃபேமிலிக்குச் சரிப்படாது" என்றார். ஏன் என்று நாம் கேட்டோமா? இல்லை. தலையசைத்தோம்! அறிவு வாய் திறப்பதற்குள் கழுத்து ஒப்புக்கொண்டுவிட்டது.

மறுநாள் வகுப்பிலே மாணவர் விவரம் எழுதும் வேலை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து முகவரி சொன்னான். முந்தைய நாள் தரகர் தள்ளிய அதே தெரு. "அங்கேயா இருக்கிறாய்?" என்று நம் வாய் கேட்டுவிட்டது. கேட்ட தொனி அவனுக்குப் புதிதன்று போலும். சற்றும் தயங்காமல், பலமுறை சொல்லிப் பழகிய பாடத்தை ஒப்பிப்பவன்போல், "ஆமா சார். ஆனா நாங்க முன்னாடி வீடு சார், உள்ள இல்ல" என்றான்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை! தான் பிறந்த தெருவுக்குத் தானே ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதாக ஆசிரியரிடம் மன்றாடுகிறான். அவனைவிட இன்னும் 'உள்ளே' இருக்கும் பிள்ளை என்ன சொல்லித் தப்புவான்? அன்று மாலை முழுதும் அந்த ஒரு சொல் நம்மை விடவில்லை.

தோழர்களே, புளியமரத்திலே பேய் இருக்கிறது என்று பாட்டி சொன்னால் நாம் சும்மா விடுகிறோமா? பார்த்தவர் யார், எந்த நாள், எந்த நேரம் என்று குடைகிறோம். பார்த்தவர் கிடைக்கமாட்டார், பார்த்தவரைப் பார்த்ததாகச் சொல்பவரே கிடைப்பார். அதைக்கொண்டே மேடையேறிப் பேயை ஓட்டிவிடுகிறோம். "அந்தப் பகுதி" என்ற பேய் மட்டும் எவ்வாறு நம்மிடம் தப்பியது? இரண்டு நாள் கழித்துத் தரகரைப் பிடித்து, "அங்கே நடந்தது என்ன? யாருக்கு நடந்தது?" என்று கேட்டோம். "சினிமால பாக்கலையா சார்!" என்றார். பாட்டிக்காவது புளியமரம் என ஒரு மரம் இருந்தது.

(வீடு பார்க்க வருவோர் வாசல் எந்தத் திசையை நோக்குகிறது, அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று முழம் போட்டு அளப்பதையும் இந்த நாட்களில் கண்டோம். சாக்கடை எங்கே போகிறது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. அது வேறு கதை.)

இதற்கிடையில் 'நல்ல இடம்' ஒன்றும் பார்க்கப் போனோம். மரநிழல் தெரு, அமைதி, கோலமிட்ட வாசல். வீட்டுக்காரர் கனிவாகத்தான் வரவேற்றார், காப்பியும் வந்தது. "சைவமா?" என்றார். இல்லை என்றோம். "எந்த ஊர்?" சொன்னோம். "ஊரிலே எந்தத் தெரு?" என்றார். ஐந்நூறு வீடுள்ள சிற்றூரில் எந்தத் தெரு என்று சென்னையில் வீடு வைத்திருப்பவருக்கு எதற்கு? எதற்கென்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். "வீட்ல பெரியவங்களக் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்தார். இன்றுவரை கேட்டுக்கொண்டேயிருக்கிறார்!

கோபம் வந்தது. சாலைக்கு வந்து கால்போன போக்கில் நடந்தபோது கோபத்தை விலக்கிக்கொண்டு இன்னொன்று வந்தது. அவர் நம்மிடம் செய்ததைத்தானே நாம் அந்தப் பையனின் தெருவுக்குச் செய்தோம்? ஒரு நாள் தராசாக நின்றோம், மறுநாள் சரக்காக ஏறினோம். நமக்கு நேர்ந்தால் கொடுமை, நாம் செய்தால் முன்னெச்சரிக்கையா?

இந்த இடத்தில் 1917ஆம் ஆண்டுப் பரோடாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேலை கிடைத்த ஊரில் வீடு தேடி அலைந்தவர் கதைகளில் அதைவிடக் கொடிது நாம் படித்ததில்லை. அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்து, இலண்டனிலும் கற்றுத் திரும்பிய அம்பேத்கர், தமக்குக் கல்வி உதவி அளித்த பரோடா அரசில் பணியாற்ற வந்தார். பதவி காத்திருந்தது, படுக்க இடம் இல்லை. இந்து விடுதிகள் ஏற்கா. பார்சிகளுக்கென இருந்த விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் காலை, நூலகத்துக்குத் திருப்பித் தரவேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் புறப்படும் வேளையில், தடிகளோடு பன்னிரண்டு பேர் மாடியேறி வந்தனர். விடுதியைத் தீட்டாக்கிவிட்டதாகக் குற்றம் சாட்டினர். மாலைக்குள் வெளியேறவேண்டும் என்றனர். அவர் தம் நண்பர் இருவரை நாடினார். இந்து நண்பர், அவர் வந்தால் வேலையாட்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவ நண்பர், மனைவியைக் கேட்கவேண்டும் என்றார். (நம் வீட்டுக்காரரின் 'பெரியவங்க' எவ்வளவு பழைய பெரியவர்கள், பாருங்கள்!) பொதுப் பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்து, இரவு வண்டியில் அவர் பம்பாய்க்குத் திரும்பினார். பின்னாளில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்பில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நிகழ்ச்சியில் நம்மை உலுக்குவது தடி அன்று. தடி பிடித்தவர்கள் தங்களைக் கொடியவர் என்று நினைத்திருக்க மாட்டார்கள். தங்கள் விடுதியைக் காப்பதாகவே நினைத்திருப்பார்கள். "நல்ல இடம்" கெட்டுவிடக்கூடாதே என்ற கவலை! அச்சம் அவர்களுக்கு, தடியும் அவர்களுக்கே. அஞ்சப்பட்டவர் கையிலோ இரவல் புத்தகங்கள். யார் யாருக்கு ஆபத்து என்று அங்கே போய் ஒரு குழந்தையைக் கேட்டாலும் சரியாகச் சொல்லும்.

அதன்பின் சட்டம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. நாட்டின் எப்பகுதியிலும் வாழும் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம், தீண்டாமையைக் காரணமாக்கி ஒருவர் எந்த வட்டாரத்திலும் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்றது. ஆனால் கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு அடுக்கும் பட்டியலில் வாடகை வீடு இல்லை. 'தீண்டாமை' என்று வாய்விட்டுச் சொல்பவர்தானே அகப்படுவார்? 'சைவர்களுக்கு மட்டும்' என்று எழுதுபவர் எங்கே அகப்படுவார்? 2005இல் உச்ச நீதிமன்றம், குசராத்திலுள்ள வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பார்சிகளை மட்டுமே உறுப்பினராகக் கொள்ளலாம் என்ற அதன் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. விடுதிப் படிக்கட்டில் ஏறிய அந்தக் காலடி ஓசை எண்பத்தெட்டு ஆண்டுகளில் எவ்வளவு மெருகேறிவிட்டது!

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். இங்கே தரகர் தலையாட்டிச் செய்ததை, அமெரிக்க நாட்டில் அரசாங்கமே வண்ணம் தீட்டிச் செய்தது. 1933இல் அங்கே வீட்டுக் கடன்களைக் காப்பதற்கென ஒரு கழகம் அமைந்தது. அது இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. சிறந்த பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், சரிந்துகொண்டிருப்பதற்கு மஞ்சள், 'ஆபத்தானது' என்பதற்குச் சிவப்பு. கறுப்பர் வாழ்ந்த பகுதிகள் ஏறத்தாழ எல்லாம் சிவப்பு! சிவப்பு விழுந்த இடத்துக்குக் கடன் இல்லை. கடனில்லாத தெருவில் கூரையைச் செப்பனிட வழியில்லை. கூரை இடிந்ததைக் காட்டி, "சொன்னோமே, மோசமான இடம் என்று" என்றனர். முதலில் பெயர் வைத்தார்கள், பிறகு பெயருக்கேற்ற நிலையை உண்டாக்கினார்கள். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறவேற்றுமை கூடாது என்ற சட்டம் அங்கே வந்தது 1968இல், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களுக்குள்.

அந்த நாட்டிலேயே ஜேன் ஜேகப்ஸ் என்ற அம்மையார் நகரங்களைப் பற்றி 1961இல் ஒரு நூல் எழுதினார். பாஸ்டன் நகரின் வடமுனைப் பகுதியைச் சேரி என்று வல்லுநர்கள் ஒதுக்கியிருந்தனர். வங்கிகள் கடன் தர மறுத்தன. அம்மையார் நேரில் போய்ப் பார்த்தார். தெருவிலே குழந்தைகள், கடைகள், பேச்சு, சிரிப்பு; மக்கள் தம் கைப்பாட்டிலேயே வீடுகளைச் செப்பனிட்டிருந்தனர். நகரத் திட்ட அலுவலர் ஒருவரைக் கேட்டார். "அது சேரிதான்" என்றார் அவர். ஆனால் குற்றம், நோய், குழந்தைச் சாவு ஆகியவற்றின் கணக்கு நகரிலேயே மிகக் குறைந்திருந்த பகுதிகளுள் ஒன்று அது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். கணக்கு கையில் இருக்கிறது, கண்ணும் பார்க்கிறது, சொல் மட்டும் மாறமாட்டேன் என்கிறது! தெருவைக் காப்பது முதன்மையாகக் காவலர் அல்லர், தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களே என்பது அம்மையாரின் முடிவு. இதை நாம் பிறகு இரவு பத்து மணிக்குச் சோதித்துப் பார்த்தோம். அதைச் சொல்லுமுன் நம் ஊர்க் கதையில் கொஞ்சம்.

பாரிமுனையில் நாள்தோறும் இறங்குவோரில் எத்தனை பேர் அங்கே நிற்கும் பழைய எல்லைத்தூணைப் பார்த்திருப்பார்கள்? கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்று பிரிந்திருந்த நகரம் இது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். 1749இல் ஆங்கிலேயர் மீட்டனர். மீட்டபின் பார்த்தால், கோட்டையை ஒட்டிய கறுப்பர் பட்டணம் பீரங்கிக்கு மறைப்பாக இருக்கிறதாம். வீடுகளை இடித்துத் தள்ளினர். அந்த நிலத்தில்தான் பின்னாளில் உயர்நீதிமன்றம் எழுந்தது. இந்தக் கோட்டுக்குள் எவரும் கட்டக்கூடாது என்று 1773இல் தூண்கள் நட்டனர். எஞ்சியது இந்த ஒன்று. வடக்கே தள்ளப்பட்டு வளர்ந்த புதிய கறுப்பர் பட்டணத்துக்கு, ஐதர் அலியின் படையெடுப்புக்குப் பிறகு ஒரு மதில் கட்டினார்கள். கட்டிய செலவை மதிலுக்குள் வாழ்வோரிடமே வரியாக வாங்கத் திட்டமிட்டனர். வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் அந்த மதில்வரியின் மிச்சம். பாதுகாப்பு ஒரு பக்கம், இடிபாடும் பற்றுச்சீட்டும் மறுபக்கம்!

மதில் போயிற்று, பழக்கம் போயிற்றா? வடசென்னை ஆபத்தான பகுதி என்கிறார்கள். நாமும் ஒரு வகையில் ஒப்புக்கொள்கிறோம். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையம், கொடுங்கையூரில் ஊர்க்குப்பை. 2023 டிசம்பரில் புயல்வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர் படகுகளைக் கரியாக்கியது. ஆபத்து இருக்கிறது, அய்யமில்லை. ஆனால் அது அந்த மக்களிடமிருந்து நமக்கு வந்த ஆபத்தன்று. நமது விளக்குக்கும் வண்டிக்கும் குப்பைக்கும் ஈடாக நாம் அவர்கள் தலையில் இறக்கி வைத்தது. இறக்கி வைத்துவிட்டு, "அந்தப் பக்கம் வேணாம் சார்" என்கிறோம். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் கோட்டூர்புரத்திலும் 'நல்ல இடத்து' வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, படகோடு வந்து ஆட்களை மீட்டவர்களில் மீனவர்களும் இருந்தார்கள். அன்று யாரும் அவர்களை எந்தத் தெரு என்று கேட்கவில்லை!

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு, ஒரு சொற்பொழிவுக்கு வேண்டிய சூட்டோடு தங்கையிடம் சொன்னோம். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "எல்லாம் சரிதான் அண்ணா. நீங்க எழுதுவீங்க, ஒன்பதரைக்கு நடக்கப் போறது நான்" என்றாள்.

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. நம் கொள்கைக்கு அவளைப் பந்தயம் வைக்க நமக்கு என்ன உரிமை? பேய்க்கு அஞ்சுவதும், இருட்டில் பின்தொடரும் ஆணுக்கு அஞ்சுவதும் ஒன்றல்ல. முன்னது கதை. பின்னதை ஒவ்வொரு பெண்ணும் என்றேனும் ஒருநாள் கண்டிருக்கிறாள். வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கைக் காட்டினோம். "அப்போ தெரிந்தவங்களுக்கும் பயப்படணும்னு சொல்றீங்க" என்றாள். கணக்கை மூடிவைத்தோம். அச்சத்தை ஆராயவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஆராய வேண்டியவர், அடி விழுந்தால் வாங்கப் போகிறவர்தான். நாம் உடன்செல்லலாம், அவ்வளவே.

ஆகவே உடன்சென்றோம். பத்து அடி பின்னால் நாம், முன்னால் அவள். முதல் இரவு அந்த மரநிழல் 'நல்ல' தெரு. மணி ஒன்பதே முக்கால். இருபுறமும் ஆளுயர மதில், மதில்மேல் கண்ணாடிச் சில்லு, மூடிய வாயில்கள். தெருவிளக்கு மூன்றில் ஒன்று எரியவில்லை. நாய்கள் உண்டு; மனித முகம் ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் எந்த வீட்டுச் சாளரம் திறக்கும் என்று எண்ணிக்கொண்டே நடந்ததாகப் பிறகு சொன்னாள்.

மறுநாள் அந்தப் பையனின் தெரு. அதே நேரம். தெருமுனையில் இட்லிக்கடை அம்மா. எதிரே இஸ்திரி வண்டி. வாசற்படியில் மூன்று பெண்கள் பூக்கட்டிக்கொண்டு ஊர்வம்பு. வலை முடையும் பெரியவர் ஒருவர் தங்கையின் வெள்ளை உடையைப் பார்த்து, "நர்ஸம்மாவா? ரத்தக்கொதிப்பு மாத்திரையை ராத்திரி சாப்புடணுமா, காலைலயாம்மா?" என்று கேட்டு நிறுத்திவிட்டார். நல்லதை மட்டுமே சொல்லி ஏய்க்கவில்லை. மூன்றாவது சந்தின் முனையில் குடித்துவிட்டு இருவர் சண்டை, கெட்ட வார்த்தைகள், சாக்கடை நாற்றம், மழை வந்தால் முழங்கால் தண்ணீர் என்று வீட்டுக்காரியே சொன்னார். சண்டையருகே தங்கை தயங்கி நின்றாள். பூக்கட்டும் பெண்களில் ஒருத்தி அங்கிருந்தபடியே, "டேய், பொண்ணு வருது, வழி விடுங்கடா!" என்று ஒரு அதட்டு. வழி விட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் அவள் நெடுநேரம் பேசவில்லை. தாம்பரம் தாண்டியதும், "தெருவிளக்கு கம்பம் ஆறு இருக்கு, அஞ்சு எரியுது. ஆறாவதுக்கு மனு எழுதணும்" என்றாள். முடிவு அவளுடையது.

குடியேறி இப்போது இருபது நாள் ஆகிறது. ஆறாவது விளக்கு இன்னும் எரியவில்லை, மனு போயிருக்கிறது. கூடுவாஞ்சேரியிலிருந்து சாமான் வந்து இறங்கிய அன்று, அரிசி மூட்டையை நாம் தூக்கமுடியாமல் தூக்குவதை அந்தப் பையன் தெருமுனையில் கண்டுவிட்டான். ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தான். அவனுக்கு நம்ப முடியவில்லை.

"இங்கயா சார் வீடு? முன்னாடியா?"

"இல்லை. உள்ளே" என்றோம். "நாலாவது சந்து. வழி காட்டு."